பூட்டு பெரிது, சாவி தெருவிலே!



கஜானா என்றால் நம் பாட்டன்மார் கண்ட காட்சி வேறு. தாலுகாக் கச்சேரியிலே இரும்புப் பெட்டி. அதற்கு இரட்டைப் பூட்டு. வாயிலிலே துப்பாக்கி ஏந்திய காவலர். இன்றைய கஜானாவுக்குக் கதவுமில்லை, காவலருமில்லை. அதிகாரியின் பெயரும் ஒரு கடவுச்சொல்லும் போதும். டில்லியிலே புறப்படும் பணம் நம் ஊர் வங்கியிலே வந்து இறங்கும். நன்மைதான், மறுப்பாரில்லை. ஆனால், அந்தச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்கும் உரிமை, வரி கொடுக்கும் நமக்கு உண்டா, இல்லையா?

கேட்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பதை 2020ஆம் ஆண்டு காட்டிற்று. நிலமுள்ள உழவர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.6,000, மூன்று தவணைகளாக வழங்குவது, 2019இல் தொடங்கிய பிரதமரின் கிசான் திட்டம். கொரோனாக் காலத்திலே விண்ணப்பிக்கும் முறை எளிதாக்கப்பட்டது. அந்த இடுக்கிலே புகுந்தனர் தரகர்கள். வேளாண்மை அலுவலர்க்கு உரிய கடவுச்சொல், ஒப்பந்த ஊழியர் சிலர் வழியே தனியார் கணினி மையங்களுக்குப் போயிற்று. உழவே அறியாதவரெல்லாம் ஒரே இரவில் உழவராயினர்! சேலம் உள்ளிட்ட 13 மாவட்டங்களில், தகுதியற்றோர் 5.5 லட்சம் பேர் பட்டியலில் ஏறினர், ரூ.110 கோடி போயிற்று என்று அந்த ஆண்டு செப்டம்பரில் அரசே அறிவித்தது.

அன்று முதலமைச்சராக இருந்தவர் சேலத்துக்காரரான எடப்பாடி பழனிசாமி. எவரும் நேரடியாக விண்ணப்பிக்கலாம் என்று டில்லி தந்த தளர்வே காரணம் என்றார். வாயிலை அகலத் திறந்தவர் டில்லியார்; சரி, சாவிக்கொத்தைத் தெருவிலே விட்டவர் யார்?

இது தமிழகத்தோடு நின்ற நோயுமன்று. 2021 ஜூலையில் மத்திய வேளாண் அமைச்சர் மக்களவையிலே தந்த கணக்கு: நாடெங்கும் தகுதியற்றோர் 42 லட்சம் பேர், சென்ற தொகை ஏறத்தாழ ரூ.3,000 கோடி. முதலிடம் அசாமுக்கு; 7.22 லட்சம் பேருடன் அடுத்த இடம் நமக்கு!

இதிலே அடிபட்டவர் யார்? கொரோனா உதவி வருகிறது என்று நம்பி, ஆதார் அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் நீட்டிய கூலித் தொழிலாளர்கள். தரகர் தம் பங்கை எடுத்துக்கொண்டார். முழுத்தொகையையும் திருப்பிக் கட்டு என்ற ஓலையோ ஏழையின் வீட்டுக்கு வந்தது. ஆத்தூர்ப் பக்கம் குத்தகை நிலத்தில் மரவள்ளி நடுகிறவருக்கும், பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்காலைக் குத்தகைக்கு எடுத்தவருக்கும், பட்டா தம் பெயரில் இல்லாததால் இத்திட்டத்தில் ஒரு காசும் கிடையாது. உழுதவனுக்கு இல்லை, உழாதவனுக்கு உண்டு!

உடனே சிலர் சொல்வர்: "கொடுப்பதாலே வந்த கேடு, நிறுத்திவிடு!" அமெரிக்காவிலே அதைத்தான் செய்து பார்த்தனர். அரசு ஊழியர்க்கு அலுவல் செலவுக்கெனத் தரப்பட்ட கடன் அட்டைகளிலே வீண்செலவு என்று கூறி, 2025 பிப்ரவரியில், பேரிடர் உதவி போன்றவை நீங்கலாக, 30 நாட்களுக்கு முடக்கினர். பல அட்டைகளுக்கு ஒரு டாலரே வரம்பு. விளைவு? ஆய்வுக்கூடத்துக்குப் பொருள் வாங்கவும் வழியின்றி அறிவியலாளர் தவித்தனர். திருடனைப் பிடிக்க வீட்டாரைப் பட்டினி போடுவதா? சிக்கனம் என்பது கொடுக்காதிருத்தல் அன்று, கணக்கில்லாமல் கொடுக்காதிருத்தல்.

மருந்து நம்மிடமே இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராமசபை கூடுகிறது. அங்கே பயனாளிகளின் பட்டியலை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். யாருக்கு நிலம் உண்டு, யாருக்கு இல்லை என்பதைக் கணினி அறியாது, ஊர் அறியும். மறுத்தால், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி விண்ணப்பம் எழுதுங்கள். எந்தக் கட்சி ஆண்டாலும் கேளுங்கள். நம் கட்சி ஆண்டால் முதலில் கேளுங்கள்!

1944இல் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் பூண்டது இந்தச் சேலத்திலேதான். பொதுமக்கள் தந்த காசைக் கண்ணெனக் காத்த பெரியாரின் வழி வந்தோர் நாம். அவர் காத்தது கட்சியின் காசு. நாம் காக்க வேண்டியது நாட்டின் காசு. அடுத்த கிராமசபையிலே உங்கள் குரல் கேட்கட்டும்!