குடிக்காதவருக்கும் வரும் ஈரல் நோய்

(நமது மருத்துவமனையின் ஸ்தோத்திரப் பண்டிகையையொட்டி நடந்த ஆதரவாளர் கூட்டத்தில் மருத்துவர் ஆற்றிய உரை)



 இந்த ஊழியத்தை உங்கள் ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் தாங்கி வருகிறீர்கள். முதலாவது தேவனுக்கு ஸ்தோத்திரம். அடுத்து உங்களுக்கு எங்கள் நன்றி.

ஒரு உபதேசியாரைப் பற்றிச் சொல்லித் தொடங்குகிறேன். ஊரும் பேரும் வேண்டாம். வயது ஐம்பத்தெட்டு. பதினைந்து வருஷமாகச் சர்க்கரை நோய். காலில் வீக்கம், வயிற்றில் நீர்க்கோப்பு என்று எங்களிடம் வந்தார். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் ஈரல் சுருங்கிப் போயிருந்தது. "ஐயா, எத்தனை வருஷமாகக் குடிக்கிறீர்கள்?" என்று கேட்டேன். "வாழ்நாளில் தொட்டதில்லை, டாக்டர்" என்றார். நான் நம்பவில்லை. மறுநாள் அவருடைய மனைவியைத் தனியாக அழைத்து அதே கேள்வியைக் கேட்டேன். அந்த அம்மா அழுதுவிட்டார்கள். "சபையிலும் இப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். நீங்களுமா கேட்கிறீர்கள்?" என்றார்கள்.

ஈரலைக் கெடுக்கும் பி, சி கிருமிகளுக்கு இரத்தத்தைச் சோதித்தோம். இரண்டும் இல்லை. மற்றக் காரணங்களையும் தேடினோம், கிடைக்கவில்லை. சர்க்கரை நோயும், வயிற்றுப் பருமனும், இரத்தத்தில் கொழுப்புமே இருந்தன. அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அவருடைய கட்டிலருகே நின்று மன்னிப்புக் கேட்டேன். எட்டு மாதம் கழித்து அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அந்த அம்மா கேட்டுக்கொண்டபடி, அடக்க ஆராதனையில் சபையார் முன்பாக நான் ஒரு வார்த்தை சொன்னேன்: "இவர் குடித்துச் சாகவில்லை. இவருக்கு இருந்தது கொழுப்பு ஈரல் நோய்."

இந்த நோய்க்குப் பேர் கிடைத்ததே சமீப காலத்தில்தான். 1980-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ராசெஸ்டர் நகரிலுள்ள மேயோ மருத்துவமனையில் ஜூர்கன் லுட்விக் என்ற மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் இருபது நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அவர்களுடைய ஈரல் துணுக்கை நுண்ணோக்கியில் பார்த்தால் குடிகாரரின் ஈரல் போலவே இருந்தது. அவர்களோ குடிப்பவர்கள் அல்ல. அதற்கு முன்னே எத்தனை பேர் வீண்பழி சுமந்து கல்லறைக்குப் போனார்களோ, கர்த்தர் அறிவார்.

நோய் எப்படி வருகிறது? நாம் செலவழிக்கும் அளவுக்கு மேல் சாப்பிடும் மாவும் சர்க்கரையும் எண்ணெயும் ஈரலில் கொழுப்பாகச் சேருகின்றன. பலருக்கு அது அவ்வளவோடு நின்றுவிடும். சிலருக்கு ஈரல் அழற்சி அடைகிறது. ஆறாத புண் தழும்பாவதுபோல ஈரலும் தழும்பேறுகிறது. தழும்பு முற்றினால் சிரோசிஸ் என்னும் ஈரல் சுருக்கம். இதற்குப் பல வருஷம் ஆகும். அத்தனை வருஷமும் வலி இராது, காமாலையும் இராது. எங்களிடம் வருகிறபோது பெரும்பாலும் காலம் கடந்துவிடுகிறது.

"இது பணக்காரர் வியாதிதானே?" என்று கேட்பீர்கள். சென்னையில் 2009-இல் வெளியான ஓர் ஆய்வில் சோதிக்கப்பட்டவர்களில் 32 சதவீதம் பேருக்குக் கொழுப்பு ஈரல் இருந்தது. சர்க்கரை நோயாளிகளில் பாதிக்கு மேல். நகரத்தை விடுங்கள். மேற்கு வங்காளத்தின் ஏழைக் கிராமங்களில் 1,911 பேரைச் சோதித்து 2010-இல் வெளியிட்டார்கள். 8.7 சதவீதம் பேருக்கு இருந்தது. அப்படி இருந்தவர்களில் நான்கில் மூன்று பேர் பருமனானவர்களே அல்ல. ஒல்லியாக இருக்கிறோம் என்று யாரும் நிம்மதியாயிருக்க முடியாது.

இனி மருந்து. தானியேலின் புஸ்தகம் முதலாம் அதிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு வாலிபர் பருப்பும் தண்ணீரும் சாப்பிட, மற்றவர்கள் ராஜாவின் போஜனத்தைச் சாப்பிட, பத்து நாள் கழித்து இரு சாராரின் முகத்தையும் ஒப்பிட்டார்கள். இன்றைய மருந்துச் சோதனைக்கும் அடிப்படை இந்த ஒப்பீடுதான். ஒரு சாராருக்கு மருந்து; மற்றவருக்கு அதேபோலத் தோன்றும் வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது.

வெற்று மாத்திரை கொடுப்பது ஏமாற்றா? இல்லை. அப்படிக் கிடைக்கலாம் என்று முன்பே விளக்கிச் சொல்லி, சம்மதம் பெற்றே சேர்க்கிறார்கள். அது ஏன் வேண்டும் என்பதற்கு 2010-இல் வெளியான சோதனையைப் பாருங்கள். சர்க்கரை நோய் இல்லாத 247 பேருக்கு 96 வாரம் வைட்டமின் ஈ, அல்லது பயோகிளிட்டசோன், அல்லது வெற்று மாத்திரை கொடுத்தார்கள். வைட்டமின் ஈ பெற்றவர்களில் 43 சதவீதம் பேருக்கு ஈரல் அழற்சி தேறியது. வெற்று மாத்திரை பெற்றவர்களிலும் 19 சதவீதம் தேறினார்கள். ஒப்பிட ஆள் இல்லாவிட்டால் அந்த 19-ஐயும் மருந்தின் மகிமை என்று சொல்லியிருப்போம். பொய்ச்சாட்சி சொல்லக்கூடாது என்ற கற்பனை மருத்துவனுக்கும் உண்டு. (அந்த வைட்டமினை நீங்களாகக் கடையில் வாங்கிச் சாப்பிட வேண்டாம், அதிக அளவில் அதற்கும் கெடுதல் உண்டு.)

அதன் பிறகு ஏமாற்றங்கள் பல. செலோன்செர்டிப் 2019-இலும், எலாஃபிப்ரனார் 2020-இலும் பெரிய சோதனைகளில் தோற்றன. ஓபெட்டிகோலிக் அமிலம் தழும்பைக் கொஞ்சம் குறைத்தது. ஆனால் பக்கவிளைவுகளைப் பார்த்த அமெரிக்க ஆலோசனைக் குழு 2023-இல் அதற்கு எதிராக வாக்களித்தது. நம் நாட்டில் உருவான சரோகிளிட்டசார் என்ற மருந்துக்கு 2020-இல் இந்திய அரசின் அனுமதி கிடைத்தது.

2024 மார்ச்சில்தான் ரெஸ்மெட்டிரோம் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இந்நோய்க்கென்று அங்கே அனுமதி பெற்ற முதல் மருந்து அது. 966 பேரைக் கொண்ட சோதனையில், ஒரு வருஷ முடிவில் அதிக அளவு மருந்து பெற்றவர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு அழற்சி நீங்கியது. வெற்று மாத்திரையில் சுமார் 10 சதவீதம். 2025 ஆகஸ்டில் செமாகுளுட்டைடு என்ற வாராந்தர ஊசிக்கும் அனுமதி. அதில் 62.9 சதவீதம் பேருக்கு அழற்சி நீங்கியது. வெற்று ஊசியில் 34.3. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! ஆனாலும் இரண்டு காரியங்களை மறைக்க மாட்டேன். இவை துரித அனுமதிகள்; உயிரைக் காக்கின்றனவா என்பதை நீண்ட காலச் சோதனைகளே காட்ட வேண்டும். இரண்டாவது, இந்த அனுமதி சிரோசிஸ் ஆவதற்கு முந்தின நிலையில் உள்ளவர்களுக்கு மட்டும். நம் உபதேசியாருக்கு இவற்றில் ஒன்றும் உதவியிராது.

விலையில்லாத மருந்து ஒன்று உண்டா? உண்டு. கியூபா நாட்டில் 293 நோயாளிகளுக்கு ஒரு வருஷம் உணவுக் கட்டுப்பாடும் நடையும் கற்பித்து, 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தவர்களில் 90 சதவீதம் பேருக்கு அழற்சி நீங்கியது. 45 சதவீதம் பேருக்குத் தழும்பே குறைந்தது. எந்த மாத்திரையும் இதுவரை இவ்வளவு செய்யவில்லை. ஆனால் அவ்வளவு எடை குறைத்தவர்கள் பத்தில் ஒருவர்தான். புத்தி சொல்வது எளிது. கூட நடந்து, வாராவாரம் விசாரித்து, தைரியம் சொல்ல ஆள் வேண்டும்.

இங்கேதான் உங்களிடம் வருகிறேன். நம்முடையது ஆராய்ச்சி நிலையம் அல்ல. ஆனால் ஆராய்ச்சியின் பலன் நம் ஏழைகளைச் சேர வேண்டாமா? நோயாளியின் வயது, இரண்டு ஈரல் இரத்தச் சோதனைகள், பிளேட்லெட் எண்ணிக்கை, இந்த நான்கையும் ஒரு கணக்கில் போட்டால் ஓர் எண் கிடைக்கும். 1.3-க்குக் கீழே இருந்தால் தழும்பு முற்றியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 2.67-க்கு மேலே இருந்தால் உடனே கவனிக்க வேண்டும். இடையில் இருப்பவர்களுக்கு மேல் பரிசோதனை. வயது முதிர்ந்தவர்களுக்கு மட்டும் அளவுகோல் சற்று மாறும். பெரிய இயந்திரம் ஒன்றும் வேண்டாம். நம் சர்க்கரை நோய்ப் பிரிவுக்கு வரும் ஒவ்வொருவருக்கும் வருஷத்துக்கு ஒரு முறை இதை இலவசமாகச் செய்யவும், வீடு தேடிப் போய் உணவையும் நடையையும் கவனிக்க ஒரு சுகாதார ஊழியரை வைக்கவும் விரும்புகிறோம். உங்கள் காணிக்கையை அதற்காகக் கேட்கிறேன்.

காணிக்கை கொடுக்க இயலாதவர்களும் உதவலாம். சபையில் யாருக்காவது ஈரல் வியாதி என்று கேள்விப்பட்டால், காரணத்தை ஊகித்துப் பேசாதிருங்கள். குடித்தே கெட்டவராயிருந்தாலும் அவரையும் அன்போடு அழைத்து வாருங்கள். ஆண்டவர் அவரைத் தள்ளவில்லை. உங்களுக்குச் சர்க்கரை இருந்தால், அடுத்த முறை வரும்போது, "என் ஈரலையும் பாருங்கள்" என்று நீங்களே கேளுங்கள். அசனப் பண்டிகையில் சந்தோஷமாகச் சாப்பிடுங்கள். மறுநாள் கொஞ்சம் கூடுதலாக நடங்கள்.

அந்த அம்மா இப்போதும் மாதந்தோறும் நம் மருத்துவமனைக்கு வருகிறார்கள். அவர்களுக்கும் சர்க்கரை உண்டு. கணக்கைப் போட்டுப் பார்த்தோம். 1.3-க்குக் கீழே. "இவருக்கும் பத்து வருஷத்துக்கு முன்னே இதைச் செய்திருந்தால்?" என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. இனி வருகிற ஒருவருடைய மனைவியும் அந்தக் கேள்வியைக் கேட்காதபடி எங்களுக்காக ஜெபியுங்கள்.

கர்த்தர்தாமே உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.