வரி கட்டுகிறவர் யார்?



"எங்க வரிப்பணம்" என்று சிலர் பேசக் கேட்டிருப்பீர்கள். மாதச் சம்பளத்தில் வருமான வரி பிடித்தம் போக மீதியை வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் பெரும்பாலும் அப்படிச் சொல்வார்கள். சொல்வதில் தப்பில்லை. ஆனால் அதோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு பேச்சும் வரும்: வரியே கட்டாதவர்களுக்கு எதற்கு இலவசம், எதற்கு ஓட்டு? இது ஏதோ புதுப் பேச்சு என்று நினைக்க வேண்டாம். நம் தருமபுரி மண்ணில் ஒரு காலத்தில் சட்டமே அப்படித்தான் இருந்தது.

1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து, தருமபுரி அடங்கிய பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கும்பெனியார் கைக்குப் போயிற்று. தளபதி ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் நிலம் அளந்து தீர்வை போட வந்தார்கள். மன்றோ தருமபுரியிலேயே தங்கி வேலை பார்த்தவர். இடையில் ஜமீன்தார் இல்லாமல், குடியானவன் ஒவ்வொருவனிடமும் சர்க்கார் நேரே கிஸ்தி வாங்கும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருப்பெற்றது. இன்றும் வருஷா வருஷம் தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி நடக்கிறதே, அது அந்த ஏற்பாட்டின் மிச்சம். இடைத்தரகர் போனது நல்லதுதான். ஆனால் எவ்வளவு வரி என்று முடிவு செய்தவர்களைக் கேள்வி கேட்க, கட்டுகிறவனுக்கு அன்று எந்த வழியும் இல்லை.

சட்டசபைத் தேர்தல் வந்த பிறகும் எல்லாருக்கும் ஓட்டு வந்துவிடவில்லை. 1937 தேர்தலில் நிலவரி, வீட்டு வரி, தொழில் வரி என்று ஏதாவது கட்டியிருக்க வேண்டும்; இல்லையென்றால் எழுதப் படிக்கவாவது தெரிந்திருக்க வேண்டும். பட்டாதாரருக்கு ஓட்டு உண்டு. அவர் வயலில் ஏர் ஓட்டிய பண்ணையாளுக்குப் பெரும்பாலும் கிடையாது. காரணம், அவன் வரி கட்டாதவனாம்!

அவனா கட்டவில்லை? கஞ்சிக்குப் போட்ட உப்பில் வரி கட்டினான். சாயங்காலம் குடித்த கள்ளில் வரி கட்டினான். கள்ளுக்கடை ஏலப்பணம் யார் மடியிலிருந்து போயிற்று? ரசீது மட்டும்தான் அவன் பெயரில் இல்லை.

இதைக் கண்டுகொண்டவர்களில் ஒருவர் ராஜாஜி. அவர் பிறந்த ஓசூர்ப் பக்கத்துத் தொரப்பள்ளி இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. 2004 வரை நம் மாவட்டத்து ஊர். 1930-இல் உப்பு வரியை எதிர்த்து வேதாரண்யத்துக்கு நடந்தவர், 1937-இல் சென்னை மாகாணத்தின் ஆட்சிக்கு வந்ததும் அக்டோபர் 1-ஆம் தேதி மதுவிலக்கைத் தொடங்கிவைத்தது சேலம் மாவட்டத்தில். அன்றைய சேலம் மாவட்டம் என்றால் தருமபுரியும் அரூரும் சேர்த்துத்தான். குடிப்பது அவரவர் விருப்பம், அதில் அரசு தலையிடலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கூலியாளின் குடியை நம்பிக் கஜானாவை நிரப்பலாமா என்ற கேள்வி அதைவிடப் பெரியது என்பேன்.

கள்ளுப் பணம் நின்றால் கஜானாவுக்கு என்ன வழி? 1939-இல் ராஜாஜி பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். இந்தியாவில் அப்படியொரு வரி அதுதான் முதல். வியாபாரிகள் எதிர்த்தார்கள். பிறகு வியாபாரிகள் எப்போதும் செய்வதைச் செய்தார்கள்: வரியைச் சரக்கு விலையில் ஏற்றினார்கள். ஏழையைக் காப்பாற்ற வந்த வரியும் கடைசியில் வாங்குகிறவன் தலையில்தான் விடிந்தது. 1971-இல் தமிழ்நாட்டில் மதுவிலக்கு தளர்ந்தது. மது வருமானம் திரும்பி வந்தது. அதற்கு ஈடாக வந்த விற்பனை வரி மட்டும் போகவேயில்லை. வந்த வரி எங்கே போகும்? 

இதற்கு நடுவில்தான் ஒரு பெரிய காரியம் நடந்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டம் வரிக்கும் ஓட்டுக்கும் இருந்த முடிச்சை அறுத்துவிட்டது. 326-ஆம் பிரிவு, வயது வந்தவர் எல்லாருக்கும் ஓட்டு என்றது. 265-ஆம் பிரிவு, சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியும் விதிக்கக்கூடாது என்றது. முகவுரையில் சொன்ன சுதந்திரமும் சமத்துவமும் கிஸ்தி கட்டும் குடியானவனுக்கு என்ன தரும் என்றால், இந்த இரண்டையும்தான் காட்டுவேன். பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி இல்லை என்று அமெரிக்கக் குடியேற்றவாசிகள் முழங்கினார்கள். நாம் ஒரு படி மேலே போனோம்: வரி ரசீது இல்லாவிட்டாலும் பிரதிநிதித்துவம் உண்டு.

அரசியலில் சமத்துவம் வரப்போகிறது, வாழ்க்கையில் வரவில்லை என்று 1949 நவம்பரிலேயே அம்பேத்கர் எச்சரித்தார். இன்றைய ஜிஎஸ்டி ரசீதைப் பாருங்கள். பென்னாகரத்திலிருந்து பெங்களூருக்குச் சித்தாள் வேலைக்குப் போகிற அம்மா வாங்கும் சோப்புக்கும், நகரத்தில் மாடி வீட்டுக்காரர் வாங்கும் அதே சோப்புக்கும் ஒரே வரி. 2025 செப்டம்பரில் சோப்பு, பற்பசைக்கு 18 சதவீதம் 5 ஆகக் குறைந்தது, நல்லதுதான். ஆனாலும் ஒரே விகிதம் என்பது ஒரே சுமை அல்ல. நாள் கூலியில் ஐந்து ரூபாய் வேறு, மாதம் லட்ச ரூபாயில் ஐந்து ரூபாய் வேறு. பேருந்துக் கட்டணத்திலும் காய்கறி விலையிலும் ஒளிந்திருக்கும் டீசல் வரியையும் அந்தச் சித்தாள் அம்மாவும்தான் கொடுக்கிறார். அவரை வரி கட்டாதவர் என்று சொன்னால், அது கணக்குத் தெரியாத பேச்சு.

ஆகவே நேயர்களே, ஒரு வேண்டுகோள். கிராம சபையின் உறுப்பினர் யார் தெரியுமா? வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று கூட்டம் நடக்கும் நாட்கள் உங்களுக்கே தெரியும். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கலைந்துவிடாதீர்கள். ஊராட்சியின் வரவு செலவை வாசிக்கச் சொல்லுங்கள். புரியாத இடத்தில் நிறுத்திக் கேளுங்கள். வீட்டு வரி ரசீது உங்கள் பெயரில் இல்லாவிட்டாலும் கேளுங்கள்.