பி.எல். படித்துச் சிதம்பரம் வந்தவர்கள்

(சிதம்பரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அறக்கட்டளையை நிறுவியவர்கள் என்னிடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள். தங்கள் தந்தையாரைப் புகழ்ந்து பேசக் கூடாது. பெயரைக்கூட ஒரு தடவைக்கு மேல் சொல்லக் கூடாது. அந்த ஒரு தடவையை வரவேற்புரை சொன்னவர் செலவழித்துவிட்டார். ஆகவே நான் சொல்லப்போவதில்லை. கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட்டில் நாற்பது வருஷம் கேஸ் கட்டோடு நடந்த மனிதர். வாய்தா கேட்பதானாலும் இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசாதவர் என்று அவருடைய குமாஸ்தா சொன்னார். அது போதும்.

நான் வக்கீல் இல்லை. தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். சட்டத்தைப் பற்றி இந்த அவையில் வாய் திறந்தால் முதல் வரிசையிலிருந்தே ஆட்சேபணை வரும். அதனால்தான், சட்டம் படித்துவிட்டு வேறு திசையில் போனவர்களைப் பற்றிப் பேசுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

சென்னைச் சட்டக் கல்லூரி 1891-இல் தொடங்கியது. அதற்கு முன் மாநிலக் கல்லூரியில் சட்ட வகுப்புகள் நடந்தன. உயர் நீதிமன்றத்தை ஒட்டி ஹென்றி இர்வின் வரைந்து கட்டிய அந்தச் சிவப்புக் கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். அது எழும்பிய இடம் பழைய ஆங்கிலேயர் இடுகாடு. கல்லறைகள் போனபிறகும் கூம்பு வடிவக் கல்லறை ஒன்று அங்கேயே நின்றது. சென்னை கவர்னராக இருந்த எலிஹு யேலின் மகன் டேவிட், 1688-இல் சிறுவனாகவே இறந்துபோனவன், அதில் அடக்கமாகியிருக்கிறான்.

யேலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? 1690-இல் கடலூரின் தேவனாம்பட்டினம் கோட்டையைச் செஞ்சி மராட்டியரிடம் விலைக்கு வாங்கியவர் அவர்தான். அதுதான் புனித டேவிட் கோட்டை. கோட்டையோடு எவ்வளவு நிலம் என்ற கேள்விக்கு அவர்கள் கண்ட விடை விசித்திரமானது. கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுடுவது. குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சொந்தம். அப்படிச் சேர்ந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர். குண்டு உப்பலவாடி இன்றும் இருக்கிறது. நான்கு எல்லை எழுதாத கிரயப் பத்திரம் உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும். அந்த யேல் கொடுத்த நன்கொடைக்காகத்தான் அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்கு 1718-இல் அவர் பெயரை வைத்தார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தின் சட்டப் பள்ளிக்குப் போக இன்று உலகமே வரிசையில் நிற்கிறது. நம்மூரைப் பீரங்கியால் அளந்தவரின் பிள்ளை உறங்குகிற வளாகத்தில், நம்மூர்ப் பிள்ளைகள் நூறு வருஷத்துக்கு மேல் சொத்துரிமைச் சட்டம் படித்தார்கள்.

இனிச் சிதம்பரத்துக்கு வருகிறேன். 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கியதும் தமிழ்த்துறைக்கு வந்தவர்களைப் பாருங்கள். கா. சுப்பிரமணிய பிள்ளை. நெல்லைக்காரர். தமிழ்நாட்டில் முதலில் எம்.எல். பட்டம் பெற்றவர் என்பதால் எம்.எல். பிள்ளை என்றே அவரைச் சொல்வார்கள். சென்னைச் சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தியவர். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் தாகூர் சட்டச் சொற்பொழிவு அவருக்குக் கிடைத்தது. குற்றவியலைப் பற்றிப் பேசினார். அதுவும் இதுபோல ஓர் அறக்கட்டளைச் சொற்பொழிவுதான். பரிசு பத்தாயிரம் ரூபாய், 1920-இல். எனக்குப் போர்த்திய இந்தச் சால்வையை நான் குறைவாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம்.

குற்றவாளியின் மனம் எப்படி உருவாகிறது என்று ஆராய்ந்த அந்த மனிதர்தான் இங்கே வந்து தமிழ்ப் பேராசிரியராக உட்கார்ந்து தமிழுக்கு இலக்கிய வரலாறு எழுதினார். அவருடைய காலக் கணிப்புகளில் பலவற்றை இன்று ஒப்புக்கொள்ள முடியாது. சைவப் பற்று சில இடங்களில் தராசுத் தட்டைக் கொஞ்சம் அழுத்துகிறது. ஆனால் ஒரு நூலின் காலத்தைச் சொல்வதற்கு முன் எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று அவர் முதலில் எண்ணிப் பார்க்கிறார். அந்தப் பழக்கம் புலவர் வீட்டுத் திண்ணையில் வந்ததல்ல.

நாவலர் சோமசுந்தர பாரதியார் இன்னும் சுவாரஸ்யமானவர். எட்டயபுரத்தில் பிறந்தவர், மகாகவி பாரதியாருக்கு இளமைத் தோழர், வ.உ.சி.க்கு நண்பர். பி.எல். முடித்துத் தூத்துக்குடியில் வக்கீலாக நன்றாகச் சம்பாதித்தவர். 1933-இல் அதையெல்லாம் விட்டுவிட்டு அண்ணாமலையில் தமிழ்த்துறைத் தலைவராக வந்து 1938 வரை இருந்தார். அவர் எழுதிய 'தசரதன் குறையும் கைகேயி நிறையும்' என்ற நூலைச் சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் ஒரு தடவையாவது படிக்க வேண்டும். கைகேயிக்காக அவர் போட்ட வக்காலத்து அது. திருமணத்தின்போதே தசரதன் அவளுடைய தந்தைக்கு வாக்குக் கொடுத்துவிட்டான். அரசு அவள் வயிற்றுப் பிள்ளைக்கு உரியது. பிறகு இராமனுக்கு முடிசூட்ட அவனுக்கு என்ன பாத்தியதை இருக்கிறது? தன்னிடம் இல்லாத சொத்தை எப்படித் தானம் செய்ய முடியும்? கேள்வி அத்தனையும் சிவில் கேள்வி. நூற்றாண்டுக் கணக்கில் ஊரே தீர்ப்புச் சொல்லிவிட்ட ஒரு பெண்ணுக்கு அப்பீல் போட்டிருக்கிறார். நான் வகுப்பில் அதை நடத்தும்போது மாணவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சத்தம் போடுவார்கள். எனக்கு அந்த மணி நேரம் பிடிக்கும்.

ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் சட்டக் கல்லூரிக்காரர்தான். கொச்சித் திவான், சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26-இல் படித்தவர், கடைசியில் இங்கே துணைவேந்தர். தமிழிசை இயக்கத்தில் முன்வரிசையில் நின்றவர். சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்துக்கு உரையும் எழுதினார். வழக்குரை காதை மதுரைக் காண்டத்தில் இருக்கிறது. வக்கீல் படிப்புப் படித்தவர் அதைத் தொடாமல் புகாரோடு நிறுத்திக்கொண்டது எனக்குத் தீராத குறை.

சி.பி. ராமசாமி ஐயரும் இங்கே துணைவேந்தராக இருந்தார். திருவிதாங்கூரில் 1936-இல் ஒடுக்கப்பட்டோருக்கு ஆலயக் கதவு திறந்தபோது திவான் அவர்; 1946-இல் புன்னப்புரை வயலாரில் துப்பாக்கிச் சூடு நடந்தபோதும் திவான் அவரே. ஒரே வாழ்க்கையில் இரண்டும் உண்டு. ஆனால் கடலூர்க்காரர்கள் நினைவில் வைக்க வேண்டியது வேறொன்று. 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியே வந்த மகாகவி பாரதியாரைக் கடலூர் அருகே கைது செய்து கடலூர்ச் சிறையில் வைத்தார்கள். மூன்று வாரத்துக்கு மேல் உள்ளே இருந்தார். அவரை வெளியே கொண்டுவரப் பேசியவர்களில் அன்னி பெசன்ட்டோடு சி.பி.யும் ஒருவர்.

கடலூரிலேயே பிறந்தவர் ஒருவரைச் சொல்கிறேன். கி. வீரமணி, பிறந்த ஆண்டு 1933. அண்ணாமலையில் பொருளாதாரம், சென்னையில் சட்டம். கடலூரில் ஒரு வருஷம்போல வக்கீல் தொழில் பார்த்தார். 1962-இல் பெரியார் கூப்பிட்டு 'விடுதலை' நாளிதழின் ஆசிரியர் நாற்காலியைக் கொடுத்தார். அதோடு கறுப்பு அங்கி போனது. கறுப்புச் சட்டை ஏற்கெனவே இருந்தது. அவர் கொள்கையை ஏற்பவர், ஏற்காதவர் இரு தரப்பும் இந்த அவையில் உண்டு. நான் சொல்ல வருவது வேறு. இட ஒதுக்கீடு ஐம்பது சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னபிறகு, தமிழ்நாட்டின் 69 சதவீதத்தைக் காப்பாற்ற அரசமைப்பின் 31-சி பிரிவு வழியாகச் சட்டம் கொண்டுவரலாம் என்று எடுத்துக்கொடுத்தவர்களில் அவர் முக்கியமானவர். 1994-இல் சட்டம் வந்தது. 76-ஆவது திருத்தத்தால் ஒன்பதாவது அட்டவணையிலும் ஏறியது. ஒரு வருஷம் பார்த்த தொழில், முப்பது வருஷம் கழித்து வேலைக்கு வந்தது.

இதுவரை சொன்ன பெயர் எல்லாம் ஆண்பிள்ளைகள் பெயர். சென்னையில் ஒரு பெண், ஆனந்தபாய், பி.எல். பட்டம் பெறவே 1928 ஆனது. இதை மறைத்துப் பேசினால் பின்வரிசையில் பாதிப் பேர் என்னை மன்னிக்க மாட்டார்கள்.

உரையை எழுதி முடித்து, அந்தக் குமாஸ்தாவிடம் படித்துக் காட்டினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "எல்லாரும் விட்டுட்டுப் போனவங்களாவே இருக்காங்களே சார், எங்க ஐயா மாதிரி ஆஜராகிட்டே இருந்தவங்க யாருமில்லையா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அப்புறம்தான் இந்தக் கடைசிப் பகுதியை எழுதினேன்.

1971-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவர் போராட்டத்தின்போது போலீஸ் தடியடி நடந்து, ஒரு மாணவர் உயிரிழந்தார். விசாரணை ஆணையம் அமைந்தது. அதன் முன் மாணவர் தரப்பைப் பேச வந்தவர்களில் சந்துரு என்ற இளைஞர் ஒருவர். அவர் எடுத்துப் பேசிய விதத்தைப் பார்த்த நீதிபதி, நீ சட்டம் படி என்றாராம். சென்னைச் சட்டக் கல்லூரியில் சேர்ந்தார். ஆக, பி.எல். படித்துவிட்டுச் சிதம்பரம் வந்தவர்களுக்கு நடுவே, சிதம்பரம் வந்ததால் பி.எல். படித்தவர் இவர் ஒருவர்.

அவர் கோர்ட்டை விட்டுப் போகவில்லை. 2006-இல் உயர் நீதிமன்ற நீதிபதியானார். ஏறக்குறைய 96,000 வழக்குகளை முடித்தார். 'மை லார்ட்' என்று தம்மை விளிக்க வேண்டாம் என்றார். 2013 மார்ச்சில் ஓய்வு பெற்ற நாளில் அரசுக் காரை ஒப்படைத்துவிட்டு மின்சார ரயிலில் வீட்டுக்குப் போனார். இவை எல்லாருக்கும் தெரிந்தவை.

நான் சொல்ல வந்தது அதற்கு முந்தியது. 1993 மார்ச். அப்போது நம் மாவட்டம் தென்னார்க்காடு. முதனை கிராமத்தில் ஒரு குறவர் குடும்பத்து ஆணைத் திருட்டுச் சந்தேகத்தில் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. தப்பி ஓடிவிட்டான் என்றது போலீஸ். மனைவி நம்பவில்லை. ஊரில் துணைநின்ற இயக்கத்தார் அவரைச் சென்னைக்கு அழைத்துப்போய்ச் சந்துருவிடம் சேர்த்தார்கள். ஆட்கொணர்வு மனு போட்டார். அந்த மனுவுக்குச் சாதாரணமாக ஆயுள் குறைவு. ஆள் எங்கே என்று கோர்ட் கேட்கும், இல்லை என்று பதில் வரும், கட்டை மூடுவார்கள். இது மூடவில்லை. காவலர்களுக்குத் தண்டனை கிடைக்கப் பதின்மூன்று வருஷம் ஆனது. பதின்மூன்று வருஷம் என்றால் எத்தனை வாய்தா என்று முதல் வரிசையில் இருப்பவர்களுக்கு நான் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2021-இல் அதை வைத்து 'ஜெய் பீம்' என்று படம் வந்தது. படத்தில் இருளர் என்று மாற்றியிருந்தார்கள். படம் பார்த்த சிதம்பரம் நண்பர்கள் இரண்டு பேர் என்னிடம், இந்த முதனை எந்த மாவட்டம் என்று கேட்டார்கள். விருத்தாசலத்துக்குப் பக்கம் என்றேன். இந்த மண்டபத்துக்கு வெளியே நின்றால் அந்தப் பக்கம் போகிற பஸ் வரும்.