கூடைப்பந்துச் சப்பாத்தும் கொழும்பு மழையும்

தெஹிவளைச் சந்தியில் மாலையில் பஸ்ஸுக்கு நிற்கும் இளைஞர் பலரின் கால்களில் இப்போது பழைய கூடைப்பந்துச் சப்பாத்துகளின் மறுபதிப்புகளைக் காணலாம். 1982இல் வந்த எயார் ஃபோர்ஸ் வன், 1985இல் மைக்கல் ஜோர்டனுக்காக வந்த எயார் ஜோர்டன் வன் ஆகியன அவற்றுள் அடங்கும். மரத்தளமிட்ட உள்ளரங்கில் பாய்ந்து விளையாடப் பிறந்தவை இவை. காலி வீதியின் வெயிலும் மழையும் வேறு சோதனை.

கணுக்காலை மூடும் உயரக் கழுத்து அழகுதான். ஆனால் தெஹிவளை விஷ்ணு கோயிலுக்குப் போனாலும், வெள்ளவத்தையில் மாமி வீட்டுக்குப் போனாலும் சப்பாத்தை வாசலிலேயே கழற்ற வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் குனிந்து நாடா அவிழ்ப்பவருக்கு, தாழ்ந்த கழுத்தே உகந்தது. புழுக்கத்துக்கும் அதுவே நல்லது.

பலர் கவனிக்காதது அடிப்பகுதி. எயார் ஜோர்டன் 3, 4 போன்றவற்றின் நடு அடி பொலியூரித்தேன் நுரையால் ஆனது. காற்றிலுள்ள ஈரம் அந்த நுரைக்குள் புகுந்து அதன் மூலக்கூற்றுச் சங்கிலிகளை மெல்ல அறுக்கும். வெப்பமும் ஈரமும் சேர்ந்த கடலோரக் கொழும்பில் இது விரைவாகவே நடக்கும். போடாமல் பெட்டியில் பூட்டி வைத்தாலும் தப்பாது. சில வருடங்களின் பின் எடுத்து நடந்தால் அடி பிஸ்கட் போல உதிரும். எனவே, பாவிக்காத பழைய சோடி மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குவது நட்டமாகவே முடியலாம்.

இறப்பர் அடிக்கு அந்த நோய் இல்லை. 1917இல் பிறந்த கொன்வேர்ஸ் ஓல் ஸ்டார், கன்வஸ் துணியும் கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய இறப்பரும் மட்டுமே. 1876இல் கம்பஹா ஹெனரத்கொடையில் இறப்பர்க் கன்றுகளை நட்ட நாட்டுக்கு அந்தப் பொருளின் அருமை தெரியும். கன்வஸ் தோலைவிடச் சீக்கிரம் காயும். குறையும் உண்டு: அடி மெல்லியது, தட்டையானது. நாள் முழுவதும் கடையில் நின்று வேலை செய்பவருக்குக் குதிகால் வலிக்கும். அவருக்கு அடிடாஸ் சூப்பர்ஸ்டார் போன்ற தடித்த இறப்பர் அடி பொருத்தம். அத்தகைய சப்பாத்தில் அடியைச் சுற்றி ஓடும் தையல் நிஜ நூலா, அச்சில் பதித்த வெறும் கோடா என்று விரலால் தடவிப் பார்ப்பது நல்லது. மலிவான நகல்கள் பலவற்றில் அது வெறும் கோடுதான்.

கால் சற்று வீங்கியிருக்கும் மாலையில் போட்டுப் பார்ப்பதே சரி. மழையில் நனைந்தால் கடும் வெயிலில் போடாமல், உள்ளே பத்திரிகைத் தாளைத் திணித்து மின்விசிறிக் காற்றில் உலர்த்தினால், தோல் வெடிக்காது, ஒட்டும் விடாது.