அறுவைப் பிரசவத்திற்குப் பின் வயிறு

(உடன்குடியில் பஞ்சாயத்து உறுப்பினர்களிடையே ஆற்றிய உரை)



உடன்குடிக்கு வந்தும் கருப்பட்டியைப் பேசாமல் வயிற்றைப் பேச வந்தோமே என்று சிலர் நகைக்கக்கூடும். ஆயினும் பிள்ளை பெற்றவளின் வயிற்றுக்குத்தானே சுக்கும் கருப்பட்டியும் முதலில் செல்கின்றன?

தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பிரசவங்கள் அறுவைச் சிகிச்சையால் நிகழ்கின்றன என்று 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு கூறுகிறது. ஆகவே இது தெருவுக்குத் தெரு உள்ள விஷயம்.

வயிற்றைத் திறந்து மூடியபின் குடல் சற்று அசைவற்றுக் கிடக்கும். சிறுகுடல் விரைவிலேயே விழித்துக்கொள்ளும். பெருங்குடல் பழைய நிலைக்கு வர இரண்டு மூன்று நாட்களும் ஆகலாம். "காற்றுப் பிரிந்ததா?" என்று டாக்டர் கேட்பது இதனாலேயே. மாமியார் முன்னிலையில் சொல்லக் கூசி, பிரியாமலே பிரிந்ததாகத் தலையாட்டும் பெண்கள் உண்டு. அந்தத் தலையாட்டல் ஆபத்தாக முடியலாம்.

முன்பெல்லாம் காற்றுப் பிரியும் வரை பட்டினி போட்டனர். இன்று டாக்டர் தடுக்காவிடில் சில மணி நேரத்திலேயே நீரும் உணவும் கொடுக்கின்றனர். கைப்பிடித்து நடக்கவும் வைக்கின்றனர். சூயிங்கம் மென்றவர்களுக்குக் காற்று ஏறக்குறைய 7 மணி நேரம் முந்திப் பிரிந்ததென 2016ஆம் ஆண்டின் கோக்ரேன் ஆய்வு தெரிவித்தது. வாய் மெல்வதைக் கண்டு உணவு வருகிறதென்று குடல் ஏமாறுகிறது போலும்!

நமது கவலையெல்லாம் வீடு திரும்பிய பின்னரே. உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் இருக்கட்டும். ஆனால், "வயிறு பருத்துவிடும்" என்று தண்ணீரை அளந்து கொடுப்பது தவறு. நீர் குறைந்தால் மலம் இறுகும். முக்கினால் தையல் வலிக்கும். வலிக்கு அஞ்சி அடக்கினால் மேலும் இறுகும். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் இறுகிக் கறுக்கலாம். அதற்காக மாத்திரையை நிறுத்தலாகாது. டாக்டரைக் கேளாமல் விளக்கெண்ணெய் புகட்டவும் கூடாது.

வயிறு பானைபோல் ஊதி, வாந்தியோ காய்ச்சலோ கண்டால் காத்திராமல் 108க்குச் சொல்லுங்கள். அடைப்பு ஏதுமின்றியே பெருங்குடல் ஊதும் நோயை 1948இல் ஆகில்வி என்ற ஆங்கிலேய டாக்டர் எடுத்துரைத்தார். அறுவைப் பிரசவத்திற்குப் பின்னும் அது நேர்வதுண்டு. காற்றுப் பிரிந்துகொண்டிருக்கும்போதே குடல் கிழிய நேரிடலாம்.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். கழிப்பறையில்லா வீட்டுப் பெண், இருட்டும் வரை அடக்கிக்கொண்டு பனங்காட்டுக்கு நடக்கிறாள். பிரசவத்திற்கு நாள் குறித்த வீடுகளின் விவரம் கிராம சுகாதாரச் செவிலியரிடம் உண்டு. உங்கள் வார்டில் கழிப்பறையும் தண்ணீரும் முதலில் அவ்வீடுகளுக்குக் கிடைக்குமாறு செய்யுங்கள்.