காதைத் தொட்டுப் பார்

(இணையவழி நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வேலை முடிந்து வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கும், விடியற்காலையிலேயே எழுந்து கேட்பவர்களுக்கும் நன்றி.

விலங்குகள் வரும் கதைகளைப் பற்றிய வரிசை இது. சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' பற்றிப் பேசினோம். பெருமாள்முருகனின் 'பூனாச்சி' பற்றிப் பேசினோம். காளையும் வெள்ளாடும் வந்தாயிற்று. பால்மாடு பாக்கி. நான் அதற்குப் புத்தகம் எதையும் எடுத்து வரவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த முதல் மாட்டைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். 1988. அப்பா தையற்காரர். எங்கள் பரம்பரையில் யாரும் மாடு வைத்திருந்ததில்லை. ஆயத்த ஆடைகள் வந்து தையல் வேலை குறைந்ததும் அம்மாதான் வங்கிக் கடனுக்கு அலைந்தாள். சந்தையில் தரகர் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசினார். அப்பாவுக்கு அந்த விரல் கணக்கும் புரியவில்லை, மாட்டின் பல் கணக்கும் புரியவில்லை. மூன்றாம் ஈற்றுச் சினையாக ஒரு ஜெர்சி கலப்பு மாடு வந்து சேர்ந்தது. செவலை நிறம். பெயரும் செவலைதான்.

கீழவீட்டு அப்பத்தாதான் எங்களுக்கு வாத்தியார். "கட்டை விரலை மடக்கி வச்சுக் கறக்காத, காம்பு புண்ணாப் போகும். உள்ளங்கை நிறையப் பிடி" என்பார். கன்றை ஊட்டவிட்டுப் பால் இறங்கியதும் ஐந்தாறு நிமிடத்துக்குள் கறந்து முடித்துவிட வேண்டும். முதல் பீச்சலைத் தனிக் கிண்ணத்தில் பீச்சிப் பார்க்க வேண்டும். திரிதிரியாக வந்தால் மடிநோய். தவிடும் புண்ணாக்கும் ஒரேயடியாகக் கூட்டக் கூடாது. இவையெல்லாம் அவர் அடுப்படி வாசலில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவை.

செவலை கிடாரிக் கன்று போட்டது. நஞ்சுக்கொடி விழுந்ததும் அப்பா அதை ஓலைப் பெட்டியில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிட்டு வந்தார். அப்பத்தா அப்போது மகள் வீட்டுக்குப் போயிருந்தார். கேட்க ஆளில்லை. கன்று குடித்தது போக, மடியில் சொட்டு விடாமல் அம்மா கறந்தாள். முதல் மாடு, முதல் ஈற்று, பெருமை இருக்காதா? வெல்லமும் ஏலக்காயும் போட்டுச் சீம்பால் காய்ச்சித் தெரு முழுக்கக் கொடுத்தோம். நான்தான் தூக்கை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன்.

மறுநாள் இரவு செவலை எழுந்திருக்கவில்லை. கழுத்தை மடக்கித் தலையை விலாமேல் சாய்த்துக்கொண்டு படுத்திருந்தது. கன்று கத்தியது, அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் கண்ணேறு என்றார்கள். அப்பா சுக்குக் கஷாயத்தை மூங்கில் குழாயில் ஊற்றி வாயருகே கொண்டுபோனார். அந்த நேரத்தில்தான் கடைசி பஸ்ஸில் வந்திறங்கிய அப்பத்தா கொட்டகைக்குள் வந்தார். நேரே போய் மாட்டின் காதைத் தொட்டார்.

"ஏப்பா, ஊத்தாத! காது சில்லுனு இருக்கு. முழுங்கத் தெம்பில்லாத மாடு. நெஞ்சுக்குள்ள போயிரும். டாக்டரக் கூட்டியா."

அப்பா சைக்கிளில் போனார். அவர் திரும்பி வரும் வரை அம்மா செவலையின் முதுகில் சாக்கைப் போர்த்தி அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். கடன் தவணை ஒன்றுகூடக் கட்டியிருக்கவில்லை. ஆனால் அன்று இரவு கடனைப் பற்றி யாரும் பேசவில்லை.

மாட்டு டாக்டர் கால்சியம் மருந்தைக் கழுத்து நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்றினார். ஏற்றும்போதே இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தார். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடுமாம். கொஞ்ச நேரத்தில் செவலையின் உடம்பு நடுங்கியது. ஏப்பம் விட்டது. சாணி போட்டது. பிறகு முன்னங்காலை ஊன்றி எழுந்து நின்றது.

"பால்காய்ச்சல்" என்றார் டாக்டர். பெயர்தான் காய்ச்சல், உடம்பு சில்லிட்டுப் போகும். ஈன்றவுடன் இரத்தத்திலிருக்கும் சுண்ணாம்புச் சத்து பாலுக்குப் போய்விடுகிறது. எலும்பிலிருந்து அது உடனே வந்து ஈடுகட்டாது. மூன்றாம் ஈற்றுக்கு மேல், நிறையக் கறக்கும் மாடுகளுக்கு இது அதிகம் வரும். "முதல் ரெண்டு மூணு நாள் மடியை ஒட்டக் கறக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "தெருவே இனிப்புத் தின்னுச்சு, இது செத்துக்கிட்டிருந்துச்சு" என்றாள். ஒட்டக் கறந்ததால் மட்டும் வந்த நோயில்லை என்று பின்னாளில் நான் படித்துச் சொன்னேன். அவள் ஏற்றுக்கொள்ளவில்லை. அதன்பின் எங்கள் வீட்டில் எந்த மாடு ஈன்றாலும், சீம்பாலில் கன்றுக்குப் போக மிச்சத்தை அவள் மடியிலேயே விட்டுவிடுவாள். தெருவுக்குச் சீம்பால் போனது அந்த ஒரு முறைதான். தினமும் அந்தியில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது ஒரு கையால் காதைத் தொட்டுப் பார்ப்பாள்.

மாடு வளர்க்கக் கற்றுக்கொள்வது என்றால் பால் கறக்கக் கற்பது என்றுதான் நினைத்திருந்தோம். அது பாதிதான். வாய் திறந்து சொல்லாத ஓர் உயிருக்கு என்ன செய்கிறதென்று தெரிந்துகொள்வது மீதிப் பாதி. அதற்குச் செவலையே எங்களுக்குக் கொடுத்த விலை அந்த ஓர் இரவு.

இங்கே என் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு நாள் ஓயாமல் அழுதான். நான் கைபேசியில் அம்மாவை அழைத்தேன். என்ன சாப்பிட்டான், எப்போது தூங்கினான் என்று எதையும் அவள் கேட்கவில்லை.

"காதைத் தொட்டுப் பாருடா" என்றாள்.