ஒருவன் அகப்பட வேண்டும்

தாராவியிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் மும்பையின் டிராம்பே கோடி வரை பஸ் மாறி வந்திருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு வணக்கம்.

‘இருண்ட எதிர்காலக் கதைகள்’ என்ற தலைப்பில் சீத்தா கேம்ப்பில் கூடியிருக்கிறோம். பொருத்தமான இடம்தான். 1976 மே மாதம், நெருக்கடி நிலை நடப்பில் இருந்தபோது, ஜனதா காலனியை இடித்து அதன் மக்களை இந்தச் சதுப்பில் கொண்டுவந்து இறக்கினார்கள். பக்கத்து அணு ஆராய்ச்சி மையத்துக்கு இடம் வேண்டியிருந்தது. கோலார் தங்கவயலிலிருந்து வந்த ஜோக்கின் அற்புதம் அதை எதிர்த்து நின்ற கதையை இங்குள்ள பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். விஞ்ஞானம் இடம் கேட்டது. நாம் எழுந்து கொடுத்தோம்.

அதே நெருக்கடி நிலையில்தான் ஆட்களைப் பிடித்துவந்து கருத்தடை செய்தார்கள். சில ஆண்டுகள் கழித்து சுஜாதா ‘என் இனிய இயந்திரா’ நாவலை எழுதினார். குழந்தை பெற அரசிடம் அனுமதி வாங்க வேண்டிய நாடு அதில் வருகிறது. நம்மில் பலர் ஜீனோ என்ற இயந்திர நாயிடம் மயங்கி மற்றதை மறந்துவிட்டோம். என்னை இன்றும் உறுத்துவது, நாட்டை ஆளும் ஜீவா வெறும் ஒளிப்பிம்பம் என்று தெரியவரும் இடம். இல்லாத ஒருவனைத்தான் ஜனங்கள் அத்தனை நாள் வணங்கியிருக்கிறார்கள்.

ரே பிராட்பரி 1953-இல் எழுதிய ‘ஃபாரன்ஹீட் 451’ நாவலில் வீட்டுச் சுவர்களே தொலைக்காட்சி. தப்பியோடும் நாயகனை இயந்திர வேட்டைநாய் துரத்துவது நேரடி ஒளிபரப்பாகிறது. அவன் ஆற்றில் இறங்கித் தப்பிவிடுகிறான். ஆனால் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு முடிவு வேண்டுமே! இரவில் சும்மா நடந்துகொண்டிருந்த வேறொருவனைப் பிடித்துக் காமிரா முன் கொன்று நிகழ்ச்சியை முடிக்கிறார்கள். அந்த நாவலில் புத்தகம் எரிவதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு இந்தப் பெயரில்லாத மனிதன்தான் முக்கியம்.

ஏனென்றால் அவனை நம் மாநிலத்திலேயே பார்த்துவிட்டோம். 2018 ஜூலை 1, துலே மாவட்டம், ரெயின்பாடா. வாரச்சந்தை நாள். பிழைப்புக்காக ஊர் ஊராகப் போகும் ஐந்து பேரைப் ‘பிள்ளை பிடிக்கிறவர்கள்’ என்று சொல்லி அடித்தே கொன்றார்கள். செல்போன்கள் அதைப் படமும் பிடித்தன. அதற்கு இரண்டு மாதம் முன்பு திருவண்ணாமலைப் பக்கம், குலதெய்வம் கும்பிட வந்த மூதாட்டி ஒருவர் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அவருக்கும் அதே கதி. அந்நாளில் சுற்றிய வீடியோக்களில் ஒன்று, கராச்சியில் குழந்தைகளின் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். அது நடிப்பு என்று சொல்லும் கடைசிப் பகுதியை யாரோ வெட்டியிருந்தார்கள். வாட்ஸ்அப், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் முன்னனுப்ப முடியாதபடி இந்தியாவில் கட்டுப்பாட்டை அறிவித்தது அந்த ஜூலையில்தான்.

சினிமா வெட்டுக்குத்து பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று இன்று நாலைந்து பேராவது கட்டுரை வாசிப்பீர்கள். வாசியுங்கள். ஆனால் ரெயின்பாடாவில் அடித்தவர்கள் பிள்ளைகள் அல்லர். பிள்ளைகளைக் காப்பாற்றுவதாக நம்பிய பெரியவர்கள். சுஜாதாவின் பிம்பத்துக்குப் பின்னால் அதை இயக்கச் சிலர் இருந்தார்கள். பிராட்பரியின் காமிரா அரசாங்கத்தின் கையில் இருந்தது. இங்கே அந்த வீடியோவை அனுப்பியது மைத்துனனும் பக்கத்து வீட்டு அக்காவும், ‘நம்ம பிள்ளைங்க ஜாக்கிரதை’ என்ற அக்கறையோடு. இப்படி ஒரு வில்லனை எந்த நாவலாசிரியர் எழுதியிருக்கிறார் என்று தேடிப் பார்த்தேன், எனக்கு அகப்படவில்லை. உங்களில் யாராவது கண்டிருந்தால் முதல் அமர்விலேயே சொல்லுங்கள். கட்டுரைக்கு இருபது நிமிடம். தேநீர் பதினொரு மணிக்கு.